முளைநிலைத் தொழில்நுட்பம்: ஒரு சொல் விளக்கம்

செயற்கை நுண்ணறிவு, குவாண்டம் கணினி, மரபணுத் திருத்தம், முப்பரிமாண அச்சு, பொருள்களின் இணையம் முதலியவற்றை ஒருசேரக் குறிக்க ஆங்கிலத்தில் ‘எமர்ஜிங் டெக்னாலஜி’ என்பர். இத்தொடர் தமிழில் பெரும்பாலும் ‘வளர்ந்துவரும் தொழில்நுட்பம்’ என்று பெயர்க்கப்படுகிறது. செய்தியிலும் பாடத்திலும் பழகிவிட்ட இத்தொடரைப் பிழையென்று தள்ளிவிட முடியாது; எனினும் மூலத்தில் உள்ள பொருளின் ஒரு முக்கியக் கூறு இதில் நழுவிப்போகிறது. அக்கூறு எது என்பதை அறிய, அத்தொடரின் இரு சொற்களையும், அவற்றோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் ‘தொழிற்புரட்சி’ என்ற சொல்லையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பார்த்தபின், ‘முளைநிலைத் தொழில்நுட்பம்’ என்ற தமிழ்ச்சொல்லைப் பரிந்துரைப்பதே இக்குறிப்பின் நோக்கம்.

முதலில் வரையறை. இயங்கும் என்று மெய்ப்பிக்கப்பட்டும், எதற்குப் பயன்படும், என்ன விலையில் கிடைக்கும், யார் கையில் இருக்கும், எந்தச் சட்டத்துக்கு உட்படும் என்பவை இன்னும் முடிவாகாத நுட்பமே ‘எமர்ஜிங் டெக்னாலஜி’ என்ற பெயருக்கு உரியது. அது புதியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கு அப்பெயர் நிலைத்தது 1956இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கோடைக்காலக் கூட்டத்தில். மூளை நரம்புகளைப் பின்பற்றிக் கற்கும் கணினி அமைப்பான நரம்பு வலையமைப்பின் முன்னோடியான பெர்செப்ட்ரான் 1958ஆம் ஆண்டுக்கு உரியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுப் பழமை கொண்ட துறை இன்றும் இப்பட்டியலின் முதலிடத்தில் நிற்கிறதென்றால், இங்கே அளவுகோல் வயது அன்று, நிலைபேறு என்பது தெளிவு.

‘டெக்னாலஜி’ என்ற சொல் கிரேக்க மொழியின் ‘தெக்னே’, ‘லோகியா’ என்ற இரு கூறுகளால் ஆனது. முன்னது கைத்திறனையும் கலையையும் குறிக்கும். பின்னது ஒன்றைப் பற்றிய உரையை அல்லது இயலைக் குறிக்கும். ‘தெக்னே’யோடு உறவுடைய ‘தெக்தோன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தச்சர் என்பது பொருள். சமஸ்கிருதத்தின் ‘தக்ஷன்’ அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தது. தமிழில் வழங்கும் ‘தச்சன்’ அதன் வழியே பிராகிருத வடிவத்தில் வந்தது என்பது மொழியியலார் கருத்து. புறநானூற்றில் ஔவையார் ‘மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர்’ என்று பாடியிருப்பதால், அந்த வேரின் ஒரு கிளை தமிழுக்கு வந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன எனலாம்.

நெடுங்காலம் ‘டெக்னாலஜி’ என்பது கருவியைக் குறிக்கவில்லை. தொழில்களைப் பற்றிய படிப்பையே குறித்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோகான் பெக்மன் 1777இல் வெளியிட்ட நூலில், கைவினைகளும் உற்பத்தி முறைகளும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை ஆராயும் துறைக்கு இப்பெயரை நிலைநாட்டினார். 1829இல் ஜேக்கப் பிகலோ பாஸ்டனில் வெளியிட்ட நூல் இச்சொல்லை அமெரிக்காவில் பரப்பியது. 1861இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பெயரிலேயே இதனைச் சேர்த்துக்கொண்டது. படிப்பின் பெயராக இருந்த சொல் படிக்கப்படும் பொருளின் பெயராக மாறியது அதன் பிறகுதான். இம்மாற்றத்தை நினைவில் கொண்டால், தமிழில் ‘தொழில்நுட்பம்’, ‘தொழில்நுட்பவியல்’ என இரு வடிவங்கள் வழங்குவதன் காரணமும் விளங்கும்: பொருளுக்கு முன்னது, படிப்புக்குப் பின்னது.

தமிழாக்கம் நன்கு அமைந்தது என்றே கூற வேண்டும். ‘தொழில்’ என்பதற்குப் பழைய பொருள் செயல். இலக்கணத்தில் ‘தொழிற்பெயர்’ என்னும்போது அப்பொருளே நிற்கிறது. ‘நுட்பம்’ என்பது ‘நுண்’ என்ற அடியிலிருந்து, திண் திட்பம் ஆவதுபோலப் பிறந்தது. செயலில் உள்ள நுண்மை என்று விரியும் இத்தொடர், கிரேக்கச் சொல்லின் கைத்திறன் என்ற பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. இலங்கைப் பாடநூல்கள் புணர்ச்சி விதியை ஒட்டித் ‘தொழினுட்பம்’ என்று எழுதும். தமிழ்நாட்டில் இரு சொற்களும் பிரிந்து தெரியும்படி எழுதுவதே வழக்கம். இரண்டும் ஏற்கத்தக்கவையே.

சிக்கல் முதற்சொல்லில்தான் இருக்கிறது. ‘எமர்ஜ்’ என்பதன் மூலமான லத்தீன் வினைக்கு மூழ்கியிருந்த நிலையிலிருந்து வெளியே வருதல் என்று பொருள். நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதைக் குறிக்கும் ‘மெர்ஜ்’ என்ற சொல்லும், எதிர்பாராமல் தலைகாட்டும் நெருக்கடியைக் குறிக்கும் ‘எமர்ஜென்சி’யும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நீருக்கு மேலே தலை தெரிகிறது, உடல் இன்னும் தெரியவில்லை என்பதே மூலத்தின் கருத்து. ‘வளர்தல்’ என்ற வினையில் இந்த ஐயம் இல்லை. வளர்பிறை என்றால் முழுநிலவு உறுதி. மேலும் ‘வளர்ந்துவரும் நாடுகள்’ என்பதில் வரும் ‘வளர்ந்துவரும்’ ‘டெவலப்பிங்’ என்ற முற்றிலும் வேறொரு ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நிற்பதால், ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது வாசகர் தடுமாறுவார்.

இந்த ஐயம் ஏன் அத்தனை இன்றியமையாதது என்பதைத் தொழிற்புரட்சிகளின் வரலாறு காட்டுகிறது. ‘புரட்சி’ என்பது ‘புரள்’ என்ற வினையடியிலிருந்து, வறள் வறட்சி ஆவதுபோல அமைந்த சொல். 1917இன் ரஷ்யப் புரட்சியைப் பாரதி ‘யுகப் புரட்சி’ என்று பாடினார். ‘ரெவல்யூஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் உருளுதல், திரும்பிச் சுழலுதல் என்றே பொருள். 1543இல் வானியலாளர் கோப்பர்நிக்கஸ் அதனைக் கோள்களின் சுற்றுக்குத்தான் பயன்படுத்தினார். ‘தொழிற்புரட்சி’ என்ற தொடரின் மிகப் பழைய பயன்பாடாகச் சுட்டப்படுவது, பிரெஞ்சுத் தூதர் லூயி-கியோம் ஓட்டோ 1799 ஜூலை 6 அன்று எழுதிய கடிதம். 1837இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் அடால்ஃப் பிளாங்கியும் 1845இல் ஏங்கெல்சும் இதனை எழுத்தில் கையாண்டனர். ஆனால் இங்கிலாந்தில் இது பொதுவழக்கானது, ஆக்ஸ்ஃபோர்டில் ஆர்னால்ட் டாயின்பீ ஆற்றிய சொற்பொழிவுகள் அவர் மறைந்தபின் 1884இல் நூலான பிறகே. (பிற்காலத்தில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் டாயின்பீ இவருடைய தம்பி மகன்.) அதாவது, நிகழ்ந்து ஏறத்தாழ நூறாண்டு சென்றபின்தான் அந்நிகழ்வுக்குப் பெயர் ஊன்றியது. இலங்கைத் தமிழில் இதனைக் ‘கைத்தொழிற் புரட்சி’ என்பர். கையால் செய்யும் தொழிலை எந்திரம் இடம்பெயர்த்த நிகழ்வுக்கு அப்பெயர் சற்று முரணாகத் தோன்றினும், அங்கே ‘கைத்தொழில்’ என்பது ஆலை உற்பத்தி அனைத்தையும் தழுவும் சொல்லாகவே நிலைத்திருக்கிறது.

அந்த நூறாண்டின் தொடக்கத்தில் நின்று பார்த்தால் எதுவும் தெளிவாக இல்லை. 1712இல் தாமஸ் நியூகோமன் இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அருகே நிறுவிய நீராவிப் பொறி, சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பதற்கு மட்டுமே உதவியது. ஒவ்வொரு வீச்சுக்கும் உருளையைச் சூடாக்கி, உடனே குளிரவைக்க வேண்டியிருந்ததால் அது எரிபொருளை வரைமுறையின்றி விழுங்கியது. சுரங்க வாயிலில் நிலக்கரி மலிவாகக் கிடைத்ததால்தான் அது பிழைத்திருந்தது. நீராவியைத் தனிக்கலம் ஒன்றில் குளிரவைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்று கண்ட ஜேம்ஸ் வாட் அதற்குக் காப்புரிமை பெற்றது 1769இல். அதே ஆண்டில் ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரமும் காப்புரிமை பெற்றது. ஆனால் 1771இல் குரோம்ஃபோர்டில் அவர் தொடங்கிய ஆலை நீர்விசையால் ஓடியதேயன்றி நீராவியால் ஓடவில்லை. நீராவியும் பஞ்சாலையும் பிறக்கும்போதே கைகோத்து வந்ததாகப் பள்ளியில் பயின்ற சித்திரம் பின்னாளில் வரையப்பட்டது. சுரங்கத்தின் நீரிறைக்கும் பொறி தண்டவாளத்தில் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஓட, 1825 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் அது இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது 1856 ஜூலை 1 அன்று.

இரண்டாம் தொழிற்புரட்சியின் உயிர்நாடி மின்சாரம், எஃகு, வேதியியல், உள்ளெரி பொறி. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1915இல் வெளியிட்ட நூலில் நிலக்கரிக் காலத்தையும் மின்சாரக் காலத்தையும் இரு வேறு தொழில்நுட்ப ஊழிகளாகப் பிரித்துக் காட்டியது, பின்வந்தோர் தொழிற்புரட்சிகளுக்கு எண்ணிடுவதற்கு வழிவகுத்தது.  

ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது 1831இல். நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1882இல். அதன் பின்னும் ஆலை முதலாளிகள் நீராவிப் பொறி இருந்த இடத்தில் ஒரு பெரிய மின்னோடியை (மோட்டாரை) வைத்து, பழைய நடுத்தண்டையும் தோல்வார்களையும் அப்படியே ஓட்டினார்கள். இலாபம் பெரிதாகக் கூடவில்லை. எந்திரத்துக்கு ஒரு மின்னோடி என்று பிரித்து, ஆலையின் கட்டட அமைப்பையே வேலையின் ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றிய பிறகுதான் மின்சாரம் தன் முழு வலிமையைக் காட்டியது. இந்தத் தாமதம் இடத்துக்கு இடமும் மாறும். கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888இலேயே தொடங்கப்பட்டும், அங்கே ஆலைகள் பெருகியது 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் மின்சாரம் வழங்கத் தொடங்கிய பிறகு. நியூயார்க்கில் அரை நூற்றாண்டுப் பழமை கொண்ட நுட்பம் கொங்குநாட்டில் அப்போதுதான் தலைதூக்கியது. ஆகவே ஒரு நுட்பத்தை ‘எமர்ஜிங்’ என்று அழைக்கும்போது, ‘எங்கே’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

மூன்றாம் தொழிற்புரட்சியைக் கணினிக்கு உரியதாகக் கூறுவர். 1947இல் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர், தொடக்கத்தில் மக்கள் கைக்குச் சென்றது காதுகேட்கும் கருவியின் உறுப்பாகத்தான். 1971இல் விற்பனைக்கு வந்த இன்டெல் 4004 நுண்செயலி, ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் கருவிக்காகச் செய்யப்பட்டது. மறுபுறம், 1930களில் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்று, எதிர்காலமே தன்னுடையது என்று எண்ணவைத்த வான்கப்பல், 1937இல் ஹிண்டன்பர்க் என்ற வான்கப்பல் எரிந்து வீழ்ந்ததோடு பயணத் தொழிலிலிருந்து மறைந்தது.

நான்காவதன் பெயர்தான் வேறு வகையானது. 2011இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. மென்பொருள் பதிப்புக்கு இடும் எண்ணைத் தொழிலுக்கு இட்ட அப்பெயர், ஆலை எந்திரங்களை உணரிகளாலும் (சென்சார்களாலும்) இணையத்தாலும் பிணைக்கும் அந்நாட்டு அரசின் திட்டத்துக்கு உரியது. 2016இல் சுவிட்சர்லாந்தின் டாவோசில் உலகப் பொருளாதார மன்றம் ‘நான்காம் தொழிற்புரட்சி’யைத் தன் கூட்டத்தின் கருப்பொருளாக்கியது. முதல் புரட்சிக்கு நூறாண்டு கழித்துப் பெயர் ஊன்றியது. இதற்கோ நிகழும் முன்பே பெயர்சூட்டு விழா நடந்துவிட்டது. எனவே ‘தொழில் 4.0’ என்பதை உற்பத்தித் திட்டத்துக்கும், ‘நான்காம் தொழிற்புரட்சி’ என்பதை அதைவிடப் பரந்த கருதுகோளுக்கும் ஆளுவதே முறை. பின்னதை நடந்து முடிந்த வரலாறு போல எழுதுவது பொருந்தாது.

இனித் தமிழ்ச்சொல். ‘புதிய தொழில்நுட்பம்’ வயதைச் சொல்லி நின்றுவிடுகிறது. ‘உருவாகிவரும் தொழில்நுட்பம்’ ஓரளவு பொருந்தும். ஆனால் இன்னும் இயங்கவே தொடங்காத ஒன்றையும் அது உள்ளடக்கிவிடும். ‘முகிழ்க்கும்’ என்பது அழகிய சொல்லாயினும் கவிதை நடைக்கே உரியது. ‘முளைநிலைத் தொழில்நுட்பம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். முளை கண்ணுக்குத் தெரியும், உயிருள்ளது, ஆனால் பயிராகும் என்ற உறுதி அதற்கில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. நியூகோமனின் பொறியையும் வான்கப்பலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொழில்நுட்பத்தில் அது பெரும்பாலும் தெரிவதில்லை என்பது புலப்படும். அந்தத் தெரியாமையையே இச்சொல் சுட்ட வேண்டும்.

வழங்கும் முறை: தனித்தொடராக வரும்போது ‘முளைநிலைத் தொழில்நுட்பம்’, பன்மையில் ‘முளைநிலைத் தொழில்நுட்பங்கள்’ என வல்லினம் மிகுத்து எழுதுக. வினையாக வேண்டுமிடத்தில் ‘முளைவிடும்’ என்க. பயனும் விலையும் விதியும் உறுதிப்பட்ட பிறகு அதே நுட்பத்தை ‘நிலைபெற்ற தொழில்நுட்பம்’ என்று குறிக்கலாம். பொதுவாசகருக்கான செய்தியில் முதல்முறை ஆளும்போது ‘வளர்ந்துவரும்’ என்ற பழகிய தொடரையும் உடன் தருவது நல்லது.