மாரத்தான் பிப் கையில், வலி காலில்: ஓடலாமா?

டிசம்பர் பிறந்தால் எங்கள் கிளினிக்கில் வரும் ஆட்களே மாறிவிடுவார்கள். முட்டி வலிக்கு வந்த தாத்தா பாட்டிகளுக்கு நடுவே, பெரிய வாட்ச் கட்டிய நாற்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெயரைக் கூப்பிட்டதும் நொண்டாமல் நடந்து வர ரொம்பக் கஷ்டப்படுவார். உள்ளே வந்ததும் காலைக் காட்ட மாட்டார், தேதியைத்தான் சொல்வார். "டாக்டர், இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு." நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஜனவரியில் சென்னை மாரத்தான். அதற்காக ஜூன், ஜூலையிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஈ.சி.ஆரிலும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலும் ஓடியவர்கள் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் 28, 30 கிலோமீட்டர் என்று ஏறும் நேரத்தில்தான் கால் மக்கர் பண்ணும். அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது, அலுவலகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, ஓட்டக் குழுவின் வாட்ஸ்ஆப்பில் தினமும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 'எனக்கு என்ன பிரச்சினை?' என்று கேட்க வருகிறவர் குறைவு. 'ஓடலாம்' என்ற ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து வாங்கிப் போக வருகிறவர்களே அதிகம்.

இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். வங்கியில் வேலை, வயது நாற்பத்தொன்று, முதல் முழு மாரத்தான். கெண்டைக்கால் எலும்பின் உள்பக்கம் வலி. "பத்துக்கு மூணுதான் வலி, ஓட ஆரம்பிச்சா பழகிடுது" என்றார். எலும்பின் ஓரமாகவே விரலால் அழுத்திக்கொண்டு போனேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓர் இடத்தைத் தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எழுந்து அந்த ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னேன். குதிக்கவில்லை, சிரித்து மழுப்பினார். ராத்திரி படுத்தபின் வலிக்கிறதா என்றேன். "எப்பவாவது" என்றார். கூட வந்த கணவர், "தினமும்" என்றார்.

பையில் எக்ஸ்ரே இருந்தது. நார்மல். அதை நம்பித்தான் வந்திருந்தார். ஓடி ஓடி எலும்பில் விழும் கீறல், நம் ஊரில் 'ஹேர்லைன்' என்று சொல்வோமே, அது முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எலும்பு நிபுணரிடம் அனுப்பினேன், ஸ்கேனில் கீறல் இருந்தது.

இதே இடத்தில் வேறொரு வலியும் வரும், 'ஷின் ஸ்பிளின்ட்' என்பார்கள். அது ஒரு புள்ளியில் நிற்காது, எலும்பின் ஓரம் விரல் நீளத்துக்குப் பரவியிருக்கும். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்காது. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். இரண்டுக்கும் நோயாளி தரும் மார்க் அதே 'பத்துக்கு மூணு'தான். ஓடலாமா கூடாதா என்பதை வலியின் அளவை வைத்து முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்று இங்கேதான் புரியும். எவ்வளவு வலிக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எது வலிக்கிறது, எலும்பா தசையா தசைநாணா, அதுதான் முதல் கேள்வி.

அவர் விடவில்லை. "மெதுவா, பாதி நடந்து பாதி ஓடிப் போறேனே?" நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 42.195 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் முடித்தால், நிமிடத்துக்கு 160 அடி வீதம் 48,000 அடி. அந்தக் காலுக்கு மட்டும் 24,000. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. நடந்தால் விசை குறையும், ஆனால் கீறல் விழுந்த எலும்புக்கு அதுவும் சுமைதான். ஓய்வு கொடுத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடக்கூடிய கீறல் அது. ஓடி அது முழு முறிவானால் கணக்கு மாதங்களில் போகும். அவர் அழுதார். ஓடவில்லை.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது கவட்டை வலி. தொடையிடுக்கில் ஆழமாக ஒரு வலி, காலை ஊன்றினால் கூடும், சதைப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இடுப்பு மூட்டுக்கு அருகே தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் கீறல் விழுந்திருந்தாலும் அப்படித்தான் வலிக்கும். அது ஓடும்போது முழுதாக முறிந்து விலகினால் நேராக ஆபரேஷன் தியேட்டர்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று பின்னாளில் மூட்டையே மாற்றும் நிலை வரலாம். கவட்டை வலியோடு வருகிறவருக்கு ஸ்கேன் பார்க்கும்வரை நான் 'ஓடலாம்' சொன்னதே கிடையாது. பாதத்தின் மேல்பக்கம் நடுவில் புள்ளி வலி இருந்தாலும் அப்படியே.

சரி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புகிறவன் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் ஓடத்தான் செய்கிறார்கள். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்குமே, அதை நம் ஊரில் 'நரம்பு' என்பார்கள். நரம்பு இல்லை, தசைநாண், அகில்லிஸ். அதில் பல நாள் வலி இருப்பவர் காலையில் எழுந்து பத்தடி நொண்டுவார், நடக்க நடக்கச் சரியாகும். ஓட ஆரம்பித்ததும் வலிக்கும், சூடானதும் குறையும். இவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஓடும்போது வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. இந்த இரண்டுக்குள் நின்றால், வேகத்தை மறந்துவிட்டு ஓடலாம். முட்டிச் சில்லைச் சுற்றி வரும் வலிக்கும் கிட்டத்தட்ட இதே அளவுகோல்தான். தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டையான ஐ.டி. பேண்டால் முழங்காலின் வெளிப்பக்கம் வரும் வலி வேறு ரகம். எலும்பு உடையாது, ஆனால் சரியாக ஏழாவது கிலோமீட்டரிலோ எட்டாவதிலோ கத்தி மாதிரி குத்தும். எட்டில் நிற்கிறவர் நாற்பத்திரண்டுக்குப் பெயர் கொடுத்து என்ன செய்வது?

நானே ஒருமுறை இந்தக் கணக்கை மீறினேன். அரை மாரத்தான், வலது அகில்லிஸ். நோயாளிகளுக்குச் சொல்லும் விதி எனக்கு எதற்கு என்ற தெனாவட்டு. பதினேழாவது கிலோமீட்டரில் வலி ஏழைத் தாண்டியது. நின்றிருக்கலாம். இன்னும் நாலுதானே என்று ஓடி முடித்தேன். அந்த நாலு கிலோமீட்டருக்குப் பிறகு எட்டு மாதம் ஓடவில்லை. மெடல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று என் மனைவிக்குத்தான் தெரியும்.

இப்போது வலி மாத்திரைக்கு வருகிறேன், ஏனென்றால் கடைசியில் எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள். "ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஒரு டைக்ளோஃபினாக் போட்டுக்கலாமா?" கூடாது. மாரத்தானில் வேர்த்து உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைத் திறந்து வைத்திருக்கும் சுரப்பைத்தான் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் செய்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இதே வகை மாத்திரையான ஐபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் தெரிந்தது. சிறுநீரகத்தை விட்டுவிட்டாலும் மாத்திரை கெடுக்கும் இன்னொன்று, நம் அளவுகோலே. பத்துக்கு ஐந்து என்று அளக்கச் சொல்கிறேன், அளக்கும் கருவியை நீங்களே அணைத்துவிட்டால்?

பெரிய ஆட்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். பவுலா ராட்கிளிஃப், 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் பெண்களில் உலக சாதனை வைத்த பிரிட்டன்காரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் முன்னால் காலில் காயம். வீக்கம் குறைக்கும் மாத்திரைகளை அதிக அளவில் எடுத்தார், வயிறு கெட்டது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்று பின்னர் சொன்னார். அந்த வெயிலில் 36 கிலோமீட்டர் தாண்டியதும் சாலையோரம் உட்கார்ந்து அழுத படத்தை உலகமே பார்த்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். நின்றதால் அவர் ஓட்டம் முடிந்துவிடவில்லை. 2008இல் தொடை எலும்பில் கீறல், பயிற்சிக்குக் கிடைத்தது சில வாரம்தான், பெய்ஜிங்கில் 23ஆவதாக வந்தார். ஒலிம்பிக் நாலு வருடத்துக்கு ஒருமுறை, அவர் எடுத்த ரிஸ்க்கில் ஒரு அர்த்தம் இருந்தது. நமக்கு மாரத்தான் வருடா வருடம் வருகிறது.

ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஒரு கிளினிக்கில் அகில்லிஸ் அருகே ஸ்டீராய்டு ஊசி போட்டு, "பத்து நாளில் ஓடலாம்" என்று அனுப்பியிருந்தார்கள். அந்த ஊசி வலியைக் குறைக்கும், தசைநாணைப் பலவீனமாக்கவும் செய்யும். அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு. அவரை ஓட வேண்டாம் என்றேன். என்மேல் கோபம், வேறு இடம் போய்விட்டார்.

முடிவை எப்போது எடுப்பது? பந்தயத்தன்று காலை எடுக்கவே கூடாது. இருட்டில் ஸ்பீக்கர் அலறும், பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் துள்ளிக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் உடைந்த கால்கூட வலிக்காது. எலும்பு வலி இல்லை என்று உறுதியான பிறகு, எட்டு பத்து நாள் இருக்கும்போது ஒரு சோதனை ஓட்டம் வைப்பேன். பந்தய வேகத்தில் எட்டோ பத்தோ கிலோமீட்டர், மாத்திரை இல்லாமல், வலி ஸ்ப்ரே இல்லாமல். நடை மாறி நொண்டினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. நொண்டாமல் முடித்து, மறுநாள் காலையும் நன்றாக இருந்தால் பார்க்கலாம். அதுவரை ஓடாமல் இருந்தால் ஸ்டாமினா போய்விடும் என்று பயப்படுவார்கள். இரண்டு வாரத்தில் ஆறு மாத உழைப்பு கரையாது. எப்படியும் பந்தயத்துக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் 'டேப்பர்' காலம்தான், சைக்கிளோ நீச்சலோ போதும்.

காய்ச்சலுக்கு இந்தச் சோதனையெல்லாம் கிடையாது. டிசம்பர் மழையில் வைரல் வந்து, முந்தாநாள்தான் பாராசிட்டமால் நிறுத்தினேன் என்பவர் ஓடக் கூடாது. கிருமி இதயத் தசையைத் தொட்டிருந்தால் ஓட்டத்தின் நடுவே இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

ஓடவில்லை என்று முடிவு செய்தவர்கள் உடனே செய்வது பிப்பை, அதாவது சட்டையில் குத்தும் பந்தய எண் அட்டையை, நண்பருக்குக் கொடுப்பது. அதையும் செய்யாதீர்கள். உங்கள் பெயரில், உங்கள் ரத்த வகை விவரத்தோடு, உங்கள் வீட்டு போன் எண்ணோடு இன்னொருவர் ஓடி மயங்கி விழுந்தால், போன் உங்கள் வீட்டுக்கு வரும். அவர் வீட்டுக்குத் தகவலே போகாது. அடுத்த வருடத்துக்கு மாற்றவோ குறைந்த தூரத்துக்கு மாறவோ வழி இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் முதலில் கேளுங்கள், கடைசித் தேதி முன்னதாகவே முடிந்துவிடும்.

ஓடலாம் என்று நான் அனுப்புகிறவர்களிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்குவேன். எந்த இடத்தில், எவ்வளவு வலி வந்தால் நிற்பேன் என்று அவர்களே எழுத வேண்டும். அதை வீட்டில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். போன மாதம் ஒருவர் எழுதியது: "நொண்டினால் நிற்பேன். வீட்டுக்காரி திருவான்மியூரில் வண்டியோடு இருப்பாள்." இடுப்புப் பையில் எனர்ஜி ஜெல்லோடு போனும் இருநூறு ரூபாயும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். விடியுமுன் அந்தச் சாலையில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.