ரெண்டு எச்.பி. டஸ்ட் கலெக்டர் போட்டும் தூசி ஏன் அடங்கவில்லை?

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் கார் ஷெட்டிலும் மொட்டை மாடியிலும் தோட்டத்துச் சாளையிலும் மரவேலை மெஷின் போட்டு வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஐ.டி. வேலைக்காரர், மில்லில் ரிட்டயர் ஆனவர், பல் டாக்டர் என்று எல்லா வகையும் உண்டு. பஞ்சு மில்களுக்கு டக்ட் (காற்றுக் குழாய்) அடித்து மாட்டுவது எங்கள் தொழில் என்பதால், யாரோ சொல்லி இவர்களும் கூப்பிடுகிறார்கள். போனில் வரும் புகார் அநேகமாக ஒன்றுதான், மெஷின் கக்கும் மரத்தூளைக் குழாய் வழியாக இழுத்துப் பையில் சேர்க்கிற டஸ்ட் கலெக்டரைப் பற்றி. "ஏனுங்க, ரெண்டு எச்.பி. கலெக்டர் வாங்கிப் போட்டும் தூசி அடங்க மாட்டேங்குதுங்க. மூணு எச்.பி.க்கு மாத்தீரலாங்களா?"

மாற்ற வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். நேரில் போய்ப் பார்த்தால் மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். டேபிள் சாவின் (மேஜையில் வட்ட ரம்பம் பொருத்திய மெஷின்) பின்னால் இருக்கும் வாய் இரண்டரை இஞ்ச், கலெக்டரிலிருந்து வரும் ஓஸ் நாலு இஞ்ச், நடுவில் ஒரு பிளாஸ்டிக் ரெடியூசர், அந்த ஓஸும் தேவைக்கு இரண்டு மடங்கு நீளத்தில் தரையில் சுருண்டு கிடக்கும். பெரிய போர்வெல் மோட்டாரை வைத்துக்கொண்டு முக்கால் இஞ்ச் ஓஸில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கதைதான். மூணு எச்.பி. இல்லை, அஞ்சு எச்.பி. போட்டாலும் அந்த இரண்டரை இஞ்ச் ஓட்டை விடுகிற காற்றைத்தான் விடும்.

கணக்கு எளிது. மரச்சீவலும் தூளும் குழாயில் படியாமல் ஓட, காற்று நிமிடத்துக்குச் சுமார் 4000 அடி வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் நாலு இஞ்ச் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 கன அடி காற்று போகும். ஆறு இஞ்சில் 785. இரண்டரை இஞ்சில் வெறும் 135. ஒரு டேபிள் சா தன் தூசியை ஓரளவாவது உள்ளே வாங்க 350 கன அடி தேவை. சின்னக் குழாயில் வேகத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். பை தொங்குகிற இந்த வகை கலெக்டர் நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் இழுப்பது. குறுகின இடத்தில் அதற்குத் தம் கிடையாது. வேக்குவம் கிளீனர் இதற்கு நேர் எதிர், கொஞ்சம் காற்றைப் பலமாக இழுக்கும். அதனால் கையில் பிடித்து உப்புத்தாளால் தேய்க்கும் சாண்டருக்கு வேக்குவம், டேபிள் சாவுக்கும் பலகையைச் சீவும் பிளானருக்கும் கலெக்டர். இதை மாற்றி மாட்டினால் இரண்டுமே வேலை செய்யாது.

சரி, வாயைப் பெரிதாக்குவோம் என்று நாலு இஞ்சுக்கு வெட்டிவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. விலை குறைந்த டேபிள் சா அடியில் திறந்தே இருக்கும். ஆறு மி.மீ. பிளைவுட்டில் அடிப்பக்கத்தை மூடிப் பெட்டி மாதிரி ஆக்க வேண்டும். இங்கே இன்னொரு கோளாறு வரும். ஆர்வத்தில் ஒரு சந்து விடாமல் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுவார்கள், அப்புறம் "முன்னைக்கு இப்ப மோசமுங்க" என்பார்கள். உள்ளே காற்று வர வழி இல்லாமல் வெளியே எதை இழுப்பது? குழாய் வாய்க்கு எதிர்ப்பக்கத்தில், பிளேடைத் தாண்டிக் காற்று ஓடுகிற மாதிரி ஒரு திறப்பு விட வேண்டும். மோட்டார் குளிர்கிற வழியையும் மூடக் கூடாது.

அடியில் எவ்வளவுதான் செய்தாலும் பிளேடு மேஜைக்கு மேலே, வேலை செய்கிறவர் முகத்தைப் பார்த்து எறிகிற தூள் தனி. பலகையின் ஓரத்தைச் சீவும்போது இது இன்னும் மோசம். பிளேடை மேலே மூடும் கார்டிலேயே ஒரு குழாய் வாய் வைத்து மேலிருந்து இழுத்தால்தான் அது அடங்கும். பலர் மெஷின் வந்த முதல் நாளே கார்டைக் கழற்றி அட்டாலியில் போட்டுவிடுகிறார்கள். விரலுக்கும் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கார்டு.

பேண்ட் சாவுக்கு (பட்டை ரம்பம்) மேஜைக்குக் கீழே, பிளேடு அடிச்சக்கரத்துக்குள் இறங்குகிற இடத்தில் வாய் வைத்தால் போதும். திக்னஸ் பிளானர் மூட்டை மூட்டையாகச் சீவல் தள்ளும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது தடிமனான சீவல், கீழே விழுந்துவிடும். பயப்பட வேண்டியது சாண்டருக்கு. அதன் தூள் தரையில் தெரியாது, காற்றில் மிதக்கும், மூக்கு முடி பிடிக்காமல் உள்ளே போகும்.

இதனால்தான் "தரை சுத்தமா இருக்குதுங்க, அப்புறம் என்ன" என்பதை நான் ஏற்பதில்லை. ராத்திரி ஷெட்டில் லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பலகையைச் சாண்டர் போட்ட பிறகு டார்ச்சைக் குறுக்கே அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றைக்குள் மிதப்பதைப் பார்த்ததும் பலர் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. முக்கியமாக மூக்கின் உட்பகுதியிலும் அதையொட்டிய எலும்பறைகளிலும் வருவது. பல வருஷம் தினமும் தூளுக்குள் நிற்கிறவர்களுக்கான ஆபத்து அது. வாரம் ஒரு நாள் ஸ்டூல் செய்கிறவர் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் தும்மல், வீசிங், தோல் அரிப்புக்கு வருஷக்கணக்கு தேவையில்லை. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொடுக்கும். எம்.டி.எஃப். பலகையில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைடு பசையும் சேர்ந்து வரும். மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை. வார லீவு முடிந்து முதல் நாள் ஷிஃப்டுக்குப் போனதும் நெஞ்சு இறுக்குகிற பஞ்சுத் தூசி நோயை நம் ஊரில் எத்தனை குடும்பம் பார்த்திருக்கிறது.

இப்போது தூள் சேரும் பைக்கு வருவோம். கூடவே வரும் துணிப்பை 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், அதைவிடச் சின்னத் தூளில் பெரும்பகுதி துணி வழியாகவே ஷெட்டுக்குள் திரும்ப வந்துவிடும். ஒரு மூலையில் உறிஞ்சி இன்னொரு மூலையில் ஊதுகிற ஏற்பாடு. ஒரு மைக்ரான் பை அல்லது மடிப்பு வைத்த கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்கு மாற்றுங்கள், மூணு எச்.பி. மோட்டாருக்குக் கொடுக்க நினைத்த காசு இதற்குப் போகட்டும். இடம் இருந்தால் கலெக்டரையே வெளியே வைத்து மேலே கூரை போட்டுவிடுவது நல்லது. காற்றை வெளியே விடுவதென்றால் அது வெளியேறும் வாயை மேற்கே பார்த்து வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியிலிருந்து ஆடி முழுக்க அடிக்கிற காற்று நேராக அந்த வாய்க்குள் ஏறும். கோடையில் அருமையாக வேலை செய்த செட்டப் ஆடியில் முக்குவதை உடுமலைப் பக்கம் பார்த்திருக்கிறேன். கிழக்கே திருப்பி ஒரு வளைவும் மழைத்தடுப்பும் வைத்தால் சரியாகிவிடும். பக்கத்து வீட்டுத் துணி காயப்போடும் கொடி எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சண்டை மிச்சம்.

குழாய்க்குப் பைப் கடைகளில் நாலு இஞ்ச் என்று கொடுக்கும் 110 மி.மீ. பி.வி.சி. போதும். மெஷின் வாய் 100 மி.மீ. இருந்தால் கொஞ்சம் லூசாக நிற்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, ஓஸ் கிளிப் போட்டு இறுக்கினால் காற்று கசியாது. வளைய வேண்டிய இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போ வேண்டாம், இரண்டு 45 போடுங்கள். கிளை பிரிக்க டீ (T) மூட்டு வேண்டாம், ஒய் (Y) மூட்டு போடுங்கள். சுருள் ஓஸ் கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும். அதன் உள்மடிப்பு ஒவ்வொன்றும் காற்றைப் பிடித்து நிறுத்தும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சட்டர் வைத்து, ஓடுகிற மெஷினுடையதை மட்டும் திறக்க வேண்டும். பி.வி.சி.யில் நிலைமின்சாரம் சேரும், கை வைத்தால் சுளீர் என்கும், ஒரு செம்புக் கம்பியை ஓட்டி எர்த் செய்துவிடுங்கள்.

கரண்ட் விஷயம். இரண்டு எச்.பி. சாவும் இரண்டு எச்.பி. கலெக்டரும் ஒரே 16 ஆம்ப் பிளக்கில் ஓடக் கூடாது. தனித்தனி லைன், தனித்தனி எம்.சி.பி. தோட்டத்துச் சாளையில் வைத்திருப்பவர்கள் பம்ப்செட்டின் இலவச இணைப்பிலிருந்து இழுக்காதீர்கள், அது விவசாயத்துக்கு மட்டும். மூன்று பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கம்பத்தில் வேலை பார்த்த பிறகு பேஸ் மாறிப் போனால் டேபிள் சா எதிர்ப்பக்கம் சுற்றுவது உடனே தெரியும். கலெக்டரின் ப்ளோயரில் தெரியாது. தலைகீழாகச் சுற்றினாலும் அது அதே வாயில்தான் இழுக்கும், பலம் மட்டும் குறைந்துவிடும். "திடீர்னு இழுவை போச்சுங்க" என்று வருகிற போன்களில் சில, இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்ததும் தீர்ந்துவிடுபவை.

வெடித்துவிடுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பெரிய பலகை ஆலைகளில் மரத்தூள் வெடிப்பு நிஜமான ஆபத்து. வீட்டு ஷெட்டில் நான் பயப்படுவது தீக்கு. நம் ஊரில் ஷெட் என்றால் மரம் மட்டும் இருக்காது, பக்கத்திலேயே கிரைண்டர், வெல்டிங் செட் எல்லாம் இருக்கும். கிரைண்டர் பொறியைத் தூள் பைக்குள் இழுக்க விட்டால், அது அங்கே உள்ளுக்குள்ளேயே கனன்று கிடந்து நீங்கள் சாப்பிடப் போன பிறகு பற்றும். இரும்பு வேலைக்கு அந்தக் குழாயைத் தொடவே வேண்டாம். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியையும் அந்தத் தூள் பையின் பக்கம் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

மெஷினை நிறுத்திய பிறகும் கலெக்டர் சில நிமிடம் ஓடட்டும். பை மாற்றும்போதும் பெருக்கும்போதும் என்95 மாஸ்க் போடுங்கள். கம்ப்ரஸர் காற்றை வைத்துச் சட்டையை ஊதிக்கொள்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, அந்தச் சட்டையை ஷெட்டிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குள் போங்கள். சேர்ந்த தூளைப் பண்ணைத் தரையில் பரப்பக் கேட்டுப் பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் வருவார்கள். வேம்பு, வாகை, தேக்குச் சீவலைத் தாராளமாகக் கொடுக்கலாம். பிளைவுட், எம்.டி.எஃப்., மருந்தடித்த பலகை, இவற்றின் தூள் கலந்த மூட்டையைக் கொடுக்காதீர்கள், தீவனத்தோடு கோழி அதையும் கொத்தும். இரண்டு வகைக்கும் தனித்தனிப் பை வைத்து, மேலே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.