ஃபேன் கிளப் மேகசின்: சொல் விளக்கம்

விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்று, தன் சரக்கை வாங்கிய சிறுவர்களை உறுப்பினர்களாகப் பதிந்துகொண்டு, அவர்களுக்கென்றே அச்சிட்டு வழங்கும் இதழை ஆங்கிலத்தில் 'ஃபேன் கிளப் மேகசின்' என்பர். அம்புலிமாமா, கோகுலம் போன்ற சிறுவர் இதழ்களிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. அவை கதைக்காக வாங்கப்பட்டவை. இதுவோ வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விளையாட்டுப் பொருளின் தொடர்ச்சியாக வந்து சேர்வது.

'மேகசின்' என்பதன் வேர், சரக்கறை என்று பொருள்படும் 'மக்ஸன்' என்னும் அரபுச் சொல். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற அச்சொல், முதலில் கிடங்கையும் வெடிமருந்துச் சாலையையும் குறித்தது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தம் வெளியீட்டுக்கு 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்று பெயரிட்ட பிறகே அது இதழையும் குறிக்கலாயிற்று. பிரெஞ்சில் 'மகசேன்' என்றால் இன்றும் கடைதான். புதுச்சேரியில் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடை, இதழ் என்னும் இரு பொருளும் ஒருசேரப் பொருந்துவது, நாம் பேசும் இவ்வகை வெளியீட்டுக்குத்தான் என்பேன்.

இவ்வகையில் முன்னோடியான 'மெக்கானோ மேகசின்' 1916இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் தொடங்கியது. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியும் மரையும் கொண்டு பூட்டிப் பாலமும் பளுதூக்கியும் கட்டும் மெக்கானோவை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனமே அதை வெளியிட்டது. தொடக்கத்தில் சில பக்கங்களில், தன் பொருள்களைப் பற்றியே பேசிய அவ்விதழ், 1920களில் ரயில் எஞ்சின், கப்பல், பாலம், விமானம் என்று பொறியியல் முழுவதையும் சிறுவர்களுக்கு எடுத்துச் சொல்லும் தரமான மாத இதழாக வளர்ந்தது. 1919இல் தொடங்கிய 'மெக்கானோ கில்ட்' ஊர்தோறும் கிளை மன்றங்களை ஒன்றிணைத்தது. வெளியூர், வெளிநாட்டுச் சிறுவர்களோடு கடித நட்புக்கும் அதில் வழி இருந்தது. மெக்கானோ விளம்பரங்களும் அதே பக்கங்களில் இடம்பெற்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விளம்பரத்துக்காக மட்டும் நடந்த இதழாக இருந்திருந்தால், இடையில் நின்றும் மீண்டும் 1981 வரை அது வந்திருக்காது.

பார்பி பொம்மைக்கு 1960களின் தொடக்கத்திலேயே மன்றமும் இதழும் அமைந்தன. ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்யும் லெகோ நிறுவனம் 1987இல் அமெரிக்காவில் 'பிரிக் கிக்ஸ்' இதழைத் தொடங்கியது. அதே ஆண்டில் வீடியோ விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவிடமிருந்து இலவசமாக வந்த 'நின்டெண்டோ ஃபன் கிளப் நியூஸ்', மறு ஆண்டே 'நின்டெண்டோ பவர்' என்னும் விலை இதழாக மாறி 2012 வரை நீடித்தது.

இனித் தமிழுக்கு வருவோம். 'ஃபேன்' என்பதை 'விசிறி' என்று எழுதும் பழக்கம் பரவியிருந்தாலும், அது ஒலி ஒப்புமையால் நேர்ந்த பிழை. காற்று வீசும் 'ஃபேன்', முறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆர்வலரைக் குறிக்கும் 'ஃபேன்', கோயிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம். 'ரசிகர்' பொருந்தும் என்றாலும், 'ரசிகர் மன்றம்' என்றவுடன் கடலூர்த் தெருமுனையில் நிற்கும் திரைப்பட நடிகரின் கட்-அவுட்தான் கண்முன் வருகிறது. கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்து பளுதூக்கி கட்டும் சிறுவனை அச்சொல் காட்டவில்லை.

'கிளப்' என்பதற்கு 'மன்றம்' முழுவதும் பொருந்தும். ஊரார் கூடும் மரத்தடிப் பொதுவிடமே பழைய மன்றம். 'கழகம்' என்பதும் வழக்கில் உண்டு; ஆனால் திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடுமிடத்தைக் குறிப்பதால், குழந்தைகள் அமைப்புக்கு அதைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. 'மேகசின்' என்பதற்கு வேர்ப்பொருளில் நேரானது 'களஞ்சியம்'. ஆயினும் அது தமிழில் கலைக்களஞ்சியம் என்னும் வேறு துறையில் நிலைத்துவிட்டதால் 'இதழ்' என்பதே போதும்.

'பொம்மை' என்பதிலும் சற்றுக் கவனம் தேவை. பண்ருட்டிக் களிமண் பொம்மைக்கும் வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைக்கும் உருவம் உண்டு; பார்பிக்கும் உண்டு. மெக்கானோ பட்டையும் லெகோ கட்டையும் பொம்மைகள் அல்ல, நம் பேச்சுவழக்கில் சொல்வதுபோல் விளையாட்டுச் சாமான்கள். ஆகவே இவ்வகை வெளியீடு முழுவதற்கும் 'விளையாட்டுப்பொருள் மன்ற இதழ்' என்பதையும், நிறுவனப் பெயர் முன்னே வரும்போது சுருக்கமாக 'மன்ற இதழ்' என்பதையும் நான் பரிந்துரைக்கிறேன். 'லெகோ மன்ற இதழ்' என்று எழுதினால் பொருள் குறையாது. 'மெக்கானோ மேகசின்' போன்ற இயற்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே எழுத வேண்டும்.