வரி ஸ்லாப் வேறு, சம்பளத்தில் பிடிப்பது வேறு

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்ப் பெட்ரோல் போட்டால் கடலூர்க்காரருக்கு நாலு காசு மிச்சமாகும். வருமான வரியில் அந்த வேலை நடக்காது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஒரே ஸ்லாப்தான், அதாவது வருமானப் படிக்கேற்ற வரி விகிதம் ஒன்றுதான்.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறையில் மாதம் 1,15,000 ரூபாய் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 13,80,000. நிலையான கழிவு 75,000 போனால் 13,05,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5%, அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%, அது 40,000. 12 லட்சத்துக்கு மேல் நிற்கும் 1,05,000-க்கு மட்டுமே 15%, அது 15,750. மொத்தம் 75,750. அந்த வரியின் மேல் 4% செஸ் எனும் கூடுதல் வரி சேர்த்தால் 78,780. '15% ஸ்லாபில் இருக்கிறேன்' என்பவர் உண்மையில் கட்டுவது சம்பளத்தில் 5.7% தான்.

கழிவு போக வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வரியே வராது. அதனால் கொஞ்சம் தாண்டினாலே அறுபதாயிரம் போய்விடும் என்று சம்பள உயர்வுக்கே பயப்படுகிறவர்கள் உண்டு. வீண் பயம். வருமானம் 12,10,000 என்றால் வரி, தாண்டிய 10,000-ஐ மீறாது. செஸ் 400 தனி.

டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, நிறுவனம் போடும் மதிப்பீடு. ஆண்டு முழுவதற்கும் வரியைக் கணக்கிட்டு, மீதமுள்ள மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்கிறார்கள். மேலே சொன்னவருக்கு மாதம் 6,565. அக்டோபரில் 90,000 போனஸ் வந்தால் வரி 14,040 கூடும். அதை அந்த மாதமே பிடித்தால் பிடித்தம் 20,605 ஆகும்; மார்ச் வரை பிரித்தால் மாதம் 2,340 கூடும். போனஸுக்கென்று தனி வரி விகிதம் எதுவும் இல்லை.

பெரிய சிக்கல் வேலை மாறும்போதுதான். கடலூர் சிப்காட்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,00,000. அக்டோபர் முதல் புதுச்சேரியின் சேதராப்பட்டில் 1,30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணக்கிட்டு எதுவும் பிடிக்காது. இரண்டாவது நிறுவனத்துக்குத் தன் 7,80,000 மட்டுமே தெரியும்; அதுவும் பிடிக்காது. 75,000 கழிவை இருவருமே கொடுத்திருப்பார்கள். சேர்த்துப் பார்த்தால் அதே 13,80,000, அதே 78,780. மார்ச் 31-க்குள் முன்வரியாகக் கட்டாவிட்டால் ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 1% வட்டி ஏறும். முன்வரித் தவணை தவறியதற்கான வட்டி தனி. சேர்ந்த முதல் வாரமே பழைய சம்பளம், பிடித்தம் இரண்டையும் படிவம் 12பி-யில் எழுதிப் புதிய நிறுவனத்தில் கொடுத்துவிடுங்கள்.

வங்கி வைப்புநிதியிலும் இதே கதை. வட்டி 60,000 என்றால் வங்கி 10% பிடிக்கும்: 6,000. மேலே சொன்ன 13,80,000 சம்பளக்காரரின் ஸ்லாபில் வரவேண்டியது செஸ்ஸோடு 9,360. மீதி 3,360-ஐ ரிட்டர்ன் போடும்போது அவரே கட்ட வேண்டும்.

ஜூன் 15-க்குள் நிறுவனத்திடமிருந்து படிவம் 16 எனும் வரிப்பிடித்தச் சான்று வரவேண்டும். ரிட்டர்ன் போடுமுன் அதிலுள்ள பிடித்தத்தை, உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். சம்பளச் சீட்டில் இருக்கும் பிடித்தம் 26ஏஎஸ்-இல் இல்லையென்றால், நிறுவனம் பணத்தைக் கட்டாமல் இருந்திருக்கலாம் அல்லது பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கலாம். அதைத் திருத்த வேண்டியது நிறுவனம்தான். கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள்.