சுமை இறங்கிய பிறகு தளரும் இதயம்

குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். படுத்தால் தாய்க்கு மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் தேவலை. இரவில் வறட்டு இருமல். கால் வீக்கம் வடியவே இல்லை. சொன்னால், "பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமும் இல்லை, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில பெண்களுக்கு அந்த நேரத்தில் இதயம் உண்மையிலேயே தளர்ந்துகொண்டிருக்கும்.

கர்ப்பத்தில் இதயம் செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. உடலில் ஓடும் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தமும் ஏறக்குறைய அதே அளவு உயர்கிறது; துடிப்பு 10, 20 கூடுகிறது. பிரசவ வலியின்போது கருப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் 300 முதல் 500 மில்லி ரத்தத்தைப் பிழிந்து ரத்த ஓட்டத்துக்குள் தள்ளுகிறது. குழந்தை வெளியே வந்ததும் பெரிய சிரை மீதிருந்த அழுத்தம் விலகி, ரத்தம் இதயத்தை நோக்கிப் பாய்கிறது. உச்சக்கட்டச் சுமை அப்போதுதான். அதன் பிறகு சில வாரங்களில் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

ஏற்கெனவே இதயத்தில் கோளாறு இருந்தால் கதை எளிது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கும் பெண்ணுக்குத் துடிப்பு கூடக்கூட, ரத்தம் அந்தச் சின்ன வாசல் வழியே இறங்க நேரம் போதாது. பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சுமை ஏறும்போதே, அதாவது கர்ப்பத்தின் நடுவிலேயே, இது வெளிப்பட்டுவிடும்.

புதிர் வேறொரு நோயில் இருக்கிறது. முன்பு எந்த இதயக் கோளாறும் இல்லாத பெண்ணுக்குக் கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலோ, பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களிலோ இதயத் தசை திடீரெனப் பலவீனமாகும். பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்பார்கள். பேறுகால இதயத் தசை நோய் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு இது தெரியவருவது பிரசவத்துக்குப் பிறகுதான். சுமைதான் காரணம் என்றால், அது இறங்கிய பிறகு ஏன் இதயம் விழ வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 2007-ல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஒரு விடை வந்தது. இதயத் தசையில் ஸ்டாட்3 என்ற காப்புப் புரதம் இல்லாத எலிகள் குட்டி போட்ட பிறகு இதே நோயில் விழுந்தன. அந்தக் காப்பு இல்லாதபோது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஒரு நொதி வெட்டிவிடுகிறது. முழு ஹார்மோனால் தீங்கில்லை. வெட்டுப்பட்ட துண்டோ இதயத்தின் நுண் ரத்தக்குழாய்களைச் சிதைக்கிறது. தசைக்குச் சாப்பாடு போகும் வழியே அடைபடுகிறது. பால் சுரப்பதற்கான ஹார்மோன்தான் இங்கே ஆயுதமாகிறது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

நஞ்சுக்கொடிக்கும் இதில் பங்குண்டு. கர்ப்பத்தின் இறுதியில் அது வெளியிடும் ஒரு புரதம், ரத்தக்குழாய் வளர்ச்சிக்கான சமிக்ஞையைப் பிடித்து முடக்கிவிடுகிறது. கர்ப்பகால ரத்த அழுத்த நோயிலும் இரட்டைக் கர்ப்பத்திலும் இந்தப் புரதம் அதிகம். அந்த நிலையிலுள்ள பெண்களுக்கே இந்த இதய நோய் கூடுதலாக வருவது தற்செயல் அல்ல. அப்புறம் மரபணு: 172 பெண்களை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், சுமார் 15 சதவீதத்தினரிடம் இதயத் தசைப் புரதங்களைக் குறைபடுத்தும் மாற்றங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை, தசைக்குச் சுருள்வில் போல உதவும் டைட்டின் புரதத்துக்கான மரபணுவில் இருந்தன.

கண்டுபிடிப்பது கடினமில்லை, சந்தேகம் வந்தால். ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஈ.எஃப். என்று ஓர் எண் இருக்கும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்பதே அது. 55-க்கு மேல் இருந்தால் நல்லது. இந்த நோயில் பெரும்பாலும் 45-க்குக் கீழே இறங்கிவிடும். இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் பி.என்.பி. என்ற ஹார்மோனுக்கான பரிசோதனையும் உதவும், ஏனென்றால் சாதாரணக் கர்ப்பத்தில் அது அவ்வளவாக உயர்வதில்லை. கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது சகஜம்தான். ஆனால் படுக்க முடியாமல் போவதும், நள்ளிரவில் மூச்சுத் திணறி விழிப்பதும் சகஜம் அல்ல.

நீரை வெளியேற்றும் மருந்து, துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் என்று வழக்கமான இதயச் செயலிழப்பு சிகிச்சைதான் இதற்கும். ஒரு வித்தியாசம், ரத்தக்குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கும் ஏ.சி.ஈ. தடுப்பான் மருந்துகள் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் பிரசவம் முடியும்வரை அவற்றைத் தொடுவதில்லை. புரோலாக்டினை அடக்கும் புரோமோகிரிப்டினை சில மருத்துவர்கள் சேர்க்கிறார்கள். அதைக் கொடுத்தால் தாய்ப்பால் நின்றுவிடும். ரத்தம் உறையும் ஆபத்தும் இருப்பதால் கூடவே உறைவுத் தடுப்பு மருந்தும் வேண்டும். தாய்ப்பாலா, இதயமா என்று ஒரு தாயிடம் கேட்கும் நிலை அது.

மற்ற இதயத் தசை நோய்களோடு ஒப்பிட்டால் இதில் மீள்பவர்கள் அதிகம். பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் ஈ.எஃப். பழையபடி ஏறிவிடுகிறது. தொடக்கத்திலேயே 30-க்குக் கீழே போனவர்களுக்குத்தான் பாதை கரடுமுரடு. ஈ.எஃப். முழுதாக ஏறாதவர்களை மறுபடி கருத்தரிக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். ஏறியவர்களுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பலாம். அதனால் அவர்களுக்கு இரண்டாவது குழந்தை பற்றிய பேச்சு, புதிதாக எடுத்த ஓர் எக்கோவிலிருந்துதான் தொடங்குகிறது.