சான்சலர்: அதிபரும் அல்லர், வேந்தரும் அல்லர்

‘ஜெர்மனி அதிபர் மெர்ஸ்’ என்று இந்த வாரமும் ஒரு நாளிதழில் படித்தேன். மெர்கல் காலத்திலிருந்து படித்துச் சலித்த பிழை இது. 2005 முதல் 2021 வரை ஜெர்மனியின் சான்சலராக, அதாவது அரசாங்கத்தை நடத்துபவராக, இருந்த அவர் ஒரு நாள்கூட அதிபராக இருந்ததில்லை. நம் செய்திகளில் மட்டும் பதினாறு ஆண்டும் அதிபர்.

‘சான்சலர்’ என்ற சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் ‘கான்செல்லி’ என்றால் கிராதி. வழக்குமன்றக் கிராதியருகே நின்ற ஊழியருக்கு அதிலிருந்து பெயர் வந்தது. பின்னர் அவரே எழுத்தரானார், அரச முத்திரையைக் காப்பவரானார். ஜெர்மன் மொழியில் அது ‘கான்ஸ்லர்’, ஆங்கிலத்தில் சான்சலர். 1871இல் ஜெர்மன் பேரரசு உருவானபோது பிஸ்மார்க் ஏற்ற பதவி இதுதான்.

இதற்கு ‘அதிபர்’ எப்படிப் பொருந்தும்? 2025 மே 6 அன்று நடந்ததைப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் முதல் சுற்றில் மெர்ஸுக்குக் கிடைத்தவை 310 வாக்குகள், தேவை 316. இரண்டாம் சுற்றில் 325 பெற்று வென்றார். பிறகு பெல்வியூ மாளிகைக்குப் போய், நாட்டின் தலைவர் ஸ்டைன்மையரின் கையால் நியமன ஆவணத்தைப் பெற்றார். கொடுத்தவரும் அதிபர், வாங்கியவரும் அதிபர் என்றால் படிப்பவருக்கு என்ன புரியும்?

இதைவிடப் பெரிய கேடு வரலாற்றுப் பாடத்தில் நேர்கிறது. 1933 ஜனவரி 30 அன்று நாட்டின் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைக் கான்ஸ்லராக்கினார். 1934 ஆகஸ்டில் ஹிண்டன்பர்க் இறந்ததும், நாட்டுத் தலைமையையும் அரசுத் தலைமையையும் ஹிட்லர் தன் ஒரே கையில் எடுத்துக்கொண்டார். இரண்டையும் ‘அதிபர்’ என்று எழுதிவிட்டால், அன்று உடைந்த தடுப்பு எது என்பதே மாணவருக்குத் தெரியாமல் போகும். இலங்கைத் தமிழருக்கோ அதிபர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் பள்ளிக்கூடத் தலைவர்.

‘வேந்தர்’ என்போரும் உண்டு. பல்கலைக்கழகத்தில் வேந்தர், துணைவேந்தர் என்று வழங்குகிறோமே என்பது அவர்கள் வாதம். அந்தச் சொல்லாட்சியே எனக்கு உவப்பில்லை. சேர, சோழ, பாண்டியரை மூவேந்தர் என்ற மொழியில் வேந்தர் முடிசூடியவர். பிஸ்மார்க் முடிசூடவில்லை, முடிசூடிய கைசரின், அதாவது பேரரசரின், கீழ் வேலை பார்த்தார். 1890இல் கைசர் இரண்டாம் வில்லியம் அவரைப் பதவி விலகவைத்தார். பணியாளருக்கு வேந்தர் பட்டம் கொடுத்துவிட்டால், அந்தக் கைசரை எந்தச் சொல்லால் அழைப்பது?

சரியான தமிழ் ‘தலைமை அமைச்சர்’. ஜெர்மன் சான்சலரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது, அமைச்சரவையை அவர் நடத்துகிறார், நாடாளுமன்றமே வேறொருவரைத் தேர்ந்தெடுத்து அவரைப் பதவியிலிருந்து இறக்கவும் முடியும். 1982இல் சான்சலர் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை அமர்த்தியது இப்படித்தான். தலைப்பில் இடமில்லை என்றால் ‘பிரதமர்’ என்று போடுங்கள். வடசொல்தான், ஆனாலும் பொருள் பிசகாது. ஸ்டைன்மையர் குடியரசுத் தலைவர்.

‘அவர்கள் தம்மைப் பிரதமர் என்று சொல்லிக்கொள்வதில்லையே’ என்று ஒரு நண்பர் மறுத்தார். இத்தாலியத் தலைமை அமைச்சரின் பதவிப்பெயர் ‘அமைச்சரவைத் தலைவர்’. ஸ்பெயினில் ‘அரசாங்கத் தலைவர்’. இருவரையும் தயங்காமல் பிரதமர் என்றுதானே எழுதுகிறோம்? அங்கே வேலையைப் பார்த்துப் பெயரிட்டவர்கள் ஜெர்மனிக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லின் மிடுக்கைப் பார்த்து மயங்குகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்க வேண்டியது, இவர் என்ன வேலை செய்கிறார் என்பதே. பிரிட்டனில் அதே சான்சலர் பெயரில் இருப்பவர் நிதியமைச்சர். சுவிட்சர்லாந்தின் கான்ஸ்லரோ அமைச்சரவையின் செயலகத்தை நடத்துபவர். அவரைத் தலைமை அமைச்சர் என்று எழுதினால் அதுவும் பிழை. ஆஸ்திரியாவில் ஜெர்மனியைப் போலவே தலைமை அமைச்சர்.