லாரி மோதினால் இழப்பீடு யாரிடம் கேட்பது? தென்னாப்பிரிக்க விதி சொல்வது

டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் சரக்கு லாரிகளுக்கு நடுவேதான் நம் கார்கள் ஓடுகின்றன. ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து ஒரு லாரி 56 டன் வரை இருக்கச் சட்டம் இடம் தருகிறது. கார் ஒன்றரை டன் இருந்தாலே அதிகம். 2013 செப்டம்பர் 5 அன்று பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஓடிவந்த ஒரே லாரியால் டாக்ஸிகளிலும் காரிலும் இருந்த 24 பேர் இறந்தார்கள்.

இப்படி ஒன்று நடந்ததும் "லாரி கம்பெனி மேல் கேஸ் போடலாமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் பொதுவாக முடியாது. 2008 ஆகஸ்ட் 1 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது; ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட், அதாவது ஆர்.ஏ.எஃப். என்ற அரசு நிதியத்திடம்தான் கேட்க வேண்டும். நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் இதற்கென ஒரு வரி இருக்கிறது. 2021 ஏப்ரலில் அது 2 ராண்ட் 18 சென்ட் ஆனது. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம், இது யாரும் போடும் பிச்சை இல்லை. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்பதும் இங்கே கேள்வியே இல்லை.

கார் நசுங்கிய நஷ்டம் மட்டும் இதில் வராது. அதை உங்கள் இன்சூரன்ஸிலோ லாரி உரிமையாளரிடமோ தனியாகக் கேட்க வேண்டும்.

நம்பர் பிளேட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லாரியோ ஓட்டுநரோ உரிமையாளரோ யாரென்று தெரிந்தால் மனு கொடுக்க 3 ஆண்டு உண்டு. அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால் 2 ஆண்டுதான். அடிபட்டது குழந்தையானாலும் இந்த 2 ஆண்டுக் கெடு தளராது. முன்னால் இழுக்கும் வண்டிக்கு ஒரு நம்பர், பின்னால் ட்ரெய்லருக்கு வேறு நம்பர் என்பதை மறக்க வேண்டாம். இரண்டையும் போனில் படம் எடுங்கள், கதவில் எழுதியிருக்கும் கம்பெனி பெயரையும் சேர்த்து. காயமோ மரணமோ ஏற்பட்டிருந்தால் ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவித்தாக வேண்டும். ஓட்டியவர் நீங்களானால் அது உங்களுக்கும் பொருந்தும்.

யார் யாருக்குக் கிடைக்கும்? மகன் கார் ஓட்டுகிறார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், லாரி மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவறு லாரி மேல் 80 சதவீதம், மகன் மேல் 20 என்று முடிவானால் மகனுக்கு நஷ்டத்தில் 80 சதவீதம்தான். அம்மாவுக்கு முழுத் தொகை. வண்டி ஓட்டிய யாரோ ஒருவர் மேல் 1 சதவீதத் தவறு இருந்தாலே போதும். முழுத் தவறும் மகன் மேல் என்றாலும் அம்மா கேட்கலாம். "பெத்த பிள்ளை மேலேயே கேஸா?" என்று வீட்டில் தயங்குவார்கள். பணம் தருவது நிதியம், மகன் இல்லை. குடித்துவிட்டோ லைசென்ஸ் இல்லாமலோ ஓட்டியிருந்தால் மட்டும் நிதியம் பிறகு அவரிடம் வசூலிக்கப் பார்க்கலாம்.

மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் இழந்த வருமானம், பிற்கால சிகிச்சைச் செலவை நிதியமே ஏற்கும் என்ற உறுதிச் சான்று ஆகியவை கிடைக்கும். வருமானத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டு. வலிக்கும் வேதனைக்கும் பணம் வேண்டுமென்றால் காயம் "கடுமையானது" என்று மருத்துவர் ஆர்.ஏ.எஃப்.4 படிவத்தில் மதிப்பிட வேண்டும். உடல் பாதிப்பு 30 சதவீதம் என்பது அதற்கான முதல் அளவுகோல்.

இறந்தவரை நம்பியிருந்த மனைவி மக்கள் ஜீவனத்துக்கான இழப்பைக் கேட்கலாம். ஈமச் செலவில் தகனத்துக்கோ அடக்கத்துக்கோ ஆன அவசியச் செலவு மட்டுமே சேரும். கிளேர் எஸ்டேட் தகனக்கூட ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பில்லைக் கொடுத்துப் பயனில்லை.

மனுவை ஆர்.ஏ.எஃப்.1 படிவத்தில் நீங்களே நேரில் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. மருத்துவப் பகுதியை சிகிச்சை தந்த மருத்துவரோ மருத்துவமனையோ நிரப்பித் தர வேண்டும். கடுமையான காயத்துக்கு வக்கீல் வைப்பதே நல்லது என்பேன், ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் தானாக வந்து பேனா நீட்டுகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று ஒப்பந்தம் போடும் வக்கீல் கிடைத்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்கச் சட்டம் விடாது. மனு கொடுத்த பின் நிதியத்துக்கு 120 நாள் அவகாசம். அதற்கு முன் வழக்குத் தொடர முடியாது. இழுத்தடித்தால், விபத்து நடந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் நீதிமன்ற சம்மன் போயிருக்க வேண்டும்.